1,480 கிராம் ஆசை

சைக்கிள் ஃபிரேம் பார்சலில் வந்த அன்று நான் செய்த முதல் காரியம், அதைச் சமையலறைத் தராசின் மேல் நிறுத்தி எடை பார்த்ததுதான். 1,480 கிராம். வீட்டில் இருந்தவர்களுக்கு நான் ஏன் சிரிக்கிறேன் என்று புரியவில்லை. "ஒன்றரைக் கிலோ இரும்புக்கா இத்தனை காசு?" என்று கேட்டார்கள், நான் "இரும்பு இல்லை, அலுமினியம்" என்றேன், அது அவர்களை இன்னும் கோபப்படுத்தியது.

இது நடந்து ஏழு வருடம் ஆகிறது. இலகுவாகவும் இருக்கணும், உடம்பையும் அடிக்கக்கூடாது என்று ஒரு ஹார்ட்டெயில் (முன்னால் மட்டும் சஸ்பென்ஷன், பின்னால் இல்லாத வகை) மவுண்டன் பைக் ஃபிரேம் தேடுகிறவர்கள் நான் போன சுற்றுவழியில் போக வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் பந்தயக்காரன் இல்லை. வயது 46, உயரம் 168 செ.மீ., எடை 78 கிலோ, அதில் குறைக்க வேண்டியது எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்லிவிட்டார். வீடு வடவள்ளியில். ஞாயிறு விடிந்ததும் கிளம்பி தொண்டாமுத்தூர், நரசீபுரம் பக்கம் தார் ரோட்டில் போய், அங்கிருந்து தோப்புகளுக்கு நடுவே ஓடும் செம்மண் தடங்களில் சுற்றிவிட்டுத் திரும்புவேன். யானை நடமாட்டம் உள்ள பக்கம் என்பதால் வெளிச்சம் வந்த பிறகுதான் மண்ணில் இறங்குவது, அதுவும் காட்டுக்குள் போவதில்லை. மொத்தம் 50 கிலோமீட்டர் என்றால் பாதிக்கு மேல் தார், மீதி கல்லும் மண்ணும். இந்தக் கணக்கை முதலிலேயே போட்டிருக்க வேண்டும், போடவில்லை.

அந்த ஃபிரேம் ஒருவர் பயன்படுத்தியது, விலை சல்லிசு. சைஸ் லார்ஜ். எனக்கு மீடியம்தான் சரி என்று எனக்கே தெரியும். ஆனால் விற்றவர் "ஸ்டெம்மைக் குட்டையாப் போட்டா சரியாயிடுங்க" என்றார் (ஸ்டெம் என்பது ஹேண்டில்பாரை முன்னால் பிடித்து நிறுத்துகிற துண்டு), 1,480 என்ற எண் காதில் ரீங்காரமிட்டுக்கொண்டிருந்ததால் நானும் தலையாட்டிவிட்டேன். ஆசை வந்த பிறகு கேட்கிற ஆலோசனை எல்லாம் ஆமாம் சாமி ஆலோசனைதான்.

முதல் மாதம் சொர்க்கம். ஒரு விரலில் தூக்கிக் காரில் வைப்பேன். மருதமலை அடிவார ஏற்றத்தில் வண்டி தானாக ஏறுவதுபோல் ஒரு பிரமை. அப்புறம் ஆரம்பித்தது. 30 கிலோமீட்டர் தாண்டினால் இரண்டு கையிலும் சுண்டுவிரல் மரத்துப்போகும். 40-ல் இடுப்புக்கு மேலே யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோல் ஒரு வலி. வயதாகிறது என்று நினைத்தேன். பிறகு சீட்டைக் குறை சொன்னேன். ஒன்றரை வருடத்தில் மூன்று சீட் மாற்றினேன், ஒவ்வொன்றும் முந்தையதை விட விலை கூட, வலி அப்படியே. மூன்றாவது சீட் இப்போது மாடிப்படிக்குக் கீழே அட்டைப்பெட்டியில் கிடக்கிறது.

அந்தச் சமயத்தில் யாரிடம் கேட்டாலும் ஒரே மந்திரம்: அலுமினியம் அடிக்கும், ஸ்டீல் மிதக்கும், டைட்டானியம் தாலாட்டும், கார்பன் எல்லாம் செய்யும் ஆனால் பர்ஸைக் காலி செய்யும். நானும் நம்பினேன். இதில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஸ்டீல் அலுமினியத்தைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு கனம், அதேபோல் மூன்று மடங்கு விறைப்பு. டைட்டானியம் இரண்டுக்கும் நடுவில். ஆனால் யாரும் மூன்று உலோகத்திலும் ஒரே அளவுக் குழாயை வைத்து ஃபிரேம் செய்வதில்லை. மெல்லிய சுவர் உள்ள குழாயின் விட்டத்தை இரண்டு மடங்கு ஆக்கினால் எடை இரண்டு மடங்குதான் ஆகும், வளையாமல் நிற்கும் பலமோ எட்டு மடங்காகிவிடும். அலுமினிய ஃபிரேம் குழாய்கள் தொடை மாதிரி தடியாகவும் ஸ்டீல் ஃபிரேம் ஒல்லியாகவும் இருப்பது இதனால்தான். ஆக, அடிப்பதும் அடிக்காததும் உலோகத்தின் குணம் என்பதை விட, குழாயை எந்தத் தடிமனில் எந்த வடிவத்தில் இழுத்தார்கள் என்பதைப் பொறுத்தது. இதெல்லாம் எனக்குப் பின்னால் புரிந்தது. புரிய வைத்தது புத்தகம் இல்லை, ஒரு சக்கர மாற்று.

பொள்ளாச்சியில் ஒரு நண்பர், என்னை விட எட்டு வயது மூத்தவர், டைட்டானியம் ஹார்ட்டெயில் வைத்திருக்கிறார். பெயின்ட் இல்லாமல் சாம்பல் நிறத்தில் மின்னும், பார்த்தாலே பெருமூச்சு வரும் வண்டி. அவரோடு ஒருநாள் வாய்க்கால் கரையோரமாகப் போகும்போது வண்டியை மாற்றி ஓட்டிப் பார்த்தோம். கரை முழுக்க மாட்டுக் குளம்பு பதிந்து காய்ந்துபோன மண். என் வண்டியில் பல் கிடுகிடுக்கும் அதே இடத்தில் அவர் வண்டி ஏதோ பாயை விரித்ததுபோல் போனது. நான் மனசுக்குள் கடன் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். அவர்தான் சிரித்துக்கொண்டே, "அவசரப்படாதீங்க தம்பி, முதல்ல வீலை மாத்திப் பார்ப்போம்" என்றார்.

இரண்டு வண்டிக்கும் ஆக்சில் அளவு ஒன்று, பின்னால் 148 மி.மீ., முன்னால் 110. இரண்டிலும் 12 ஸ்பீட் செயின், 160 மி.மீ. பிரேக் டிஸ்க். தென்னை மர நிழலில் உட்கார்ந்து அவர் சக்கரங்களை என் வண்டியில் மாட்டப் பார்த்தோம். முன்சக்கரம் நுழைந்தது. பின்சக்கரம் நுழையவே இல்லை! அவர் டயர் 2.4 அங்குலம், என் ஃபிரேமில் 2.25-க்கு மேல் இடமில்லை. சரி, தலைகீழாகச் செய்வோம் என்று என் சக்கரங்களை அவர் வண்டியில் மாட்டினோம். டிஸ்க் லேசாக உரசியது, காலிப்பர் ஆணிகளைத் தளர்த்தி பிரேக்கைப் பிடித்தபடி மறுபடி முடுக்கினால் சரியாகிவிட்டது. ஓட்டிப் பார்த்தேன்.

அதே டைட்டானியம். அதே கரை. பல் கிடுகிடுத்தது.

என் டயர் 2.1, உள்ளே டியூப், காற்று 38 பிஎஸ்ஐ. முள் குத்தும், கல்லில் மோதினால் டியூப் நசுங்கும் என்று பயந்து விறைப்பாக அடித்து வைத்திருந்தேன். அவருடையது 2.4 டியூப்லெஸ், முன்னால் 19 பிஎஸ்ஐ, பின்னால் 22. மேடு பள்ளத்தில் டயர் அமுங்குவது கண்ணால் பார்க்கக்கூடிய அளவு. ஃபிரேம் என்பது முக்கோணமும் முக்கோணமும் சேர்ந்த கட்டுமானம், வீட்டுக் கூரையில் கைமரம் போடுவதுபோல; மேலிருந்து கீழே அது அமுங்குவது அற்பத்திலும் அற்பம். இத்தனை நாளும் காலுக்கு அடியில் இருந்த காற்று மெத்தையைக் கல்லாக்கிவிட்டு, நான் கூரை மரத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதற்காக ஃபிரேம் முக்கியமில்லை என்று ஆகிவிடாது. எந்த டயர் உள்ளே நுழையும் என்று முடிவு செய்வதே ஃபிரேம்தானே. பின்சக்கரம் உட்காரும் அந்த இடைவெளியைத்தான் நான் இப்போது எடைக்கு முன்னால் பார்க்கிறேன். 29 அங்குலச் சக்கரத்தோடு 2.4 டயர் மாட்டி, இரண்டு பக்கமும் ஆறு மி.மீ. மிச்சம் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் செம்மண் பரவாயில்லை, தட்டினால் உதிர்ந்துவிடும். உடுமலைப் பக்கம் கரிசலில் ஒருமுறை மாட்டியபோது ஃபிரேமுக்கும் டயருக்கும் நடுவில் மண் அப்பி சக்கரமே நின்றுவிட்டது, வண்டியை ஒரு கிலோமீட்டர் தோளில் சுமந்தேன். அன்றைக்கு மட்டும் 1,480 கிராம் உதவியது.

டியூப்லெஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் கருவேல முள்ளும் நெருஞ்சியும் இருக்கும் வரை டியூபில் குறைந்த காற்று வைத்து ஓட்டுவது நடக்காத காரியம். உள்ளே ஊற்றுகிற சீலன்ட் சின்ன ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளும். வெயிலில் அது சீக்கிரம் காய்ந்துபோகும், அதனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து ஊற்ற வேண்டும். இதை மறந்தால் முள்ளு உங்களை மறக்காது.

அடுத்தது சீட் போஸ்ட், அதாவது சீட்டைத் தாங்குகிற கழி. இதில்தான் ஹார்ட்டெயில் ஓட்டுகிறவனுக்குக் கிடைக்கிற இரண்டாவது மெத்தை இருக்கிறது, பலர் கவனிப்பதே இல்லை. என் பழைய ஃபிரேமில் 31.6 மி.மீ. போஸ்ட். 27.2 போஸ்ட்டோடு ஒப்பிட்டால், சுவர் தடிமன் ஒன்றாக இருந்தால், இது ஒன்றரை மடங்கு விறைப்பு. அதோடு இன்னொரு விஷயம்: லார்ஜ் ஃபிரேமில் குள்ளமான நான் உட்கார்ந்தால் போஸ்ட் வெளியே நீட்டுவதே ஒரு சாண் கூட வராது. நீளமான கழி வளைந்து கொடுக்கும், துண்டுக் கழி வளையுமா? அப்படிப் பார்த்தால் தப்பான சைஸ் வாங்கியது என் இடுப்பை இரண்டு வழியாக அடித்திருக்கிறது. நடுவில் வளையம்போல் ஒரு ஷிம் வைத்து 27.2 கார்பன் போஸ்ட் மாட்டிப் பார்த்தேன், கொஞ்சம் மாற்றம் தெரிந்தது, ஆனால் வெளியே நீட்டுகிற நீளம் அதே குறைவுதானே. இடுப்பு வலி பாதியாகக் குறைந்தது. கை மரப்பு குறையவே இல்லை.

கை மரப்புக்குக் காரணம் உட்கார்கிற விதம். இங்கேதான் ரீச், ஸ்டாக் என்கிற இரண்டு எண்கள் வருகின்றன. பெடல் சுழலும் அச்சிலிருந்து ஹெட் டியூபின் (ஹேண்டில்பாருக்குக் கீழே இருக்கிற ஃபிரேமின் முன்குழாய்) மேல் விளிம்பு எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது ரீச், எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டாக். 17 அங்குலம், 19 அங்குலம், மீடியம், லார்ஜ் என்பதெல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், இந்த இரண்டும் மாறாது. என் பழைய ஃபிரேமில் ரீச் 455 மி.மீ., ஸ்டாக் 608. ஸ்டெம்மை 70-லிருந்து 50 ஆக்கினேன், விற்றவர் சொன்னபடி. ஹேண்டில்பார் 20 மி.மீ. கிட்டே வந்தது, எனக்குத் தேவைப்பட்டது அதை விட அதிகம், அதுவும் கிட்டே மட்டும் இல்லை, மேலேயும். ஹேண்டில்பார் தாழ்ந்தும் தள்ளியும் இருந்ததால் உடம்பின் முன்பாதி முழுவதும் உள்ளங்கையில் உட்கார்ந்திருந்தது. அதைச் சீட் மாற்றிச் சரிசெய்யப் பார்த்தவன் நான்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்ன சோதனை இருக்கிறது. சமதரையில், எப்போதும் போகிற வேகத்தில் மிதித்துக்கொண்டே, முதுகை நிமிர்த்தாமல் இரண்டு உள்ளங்கையையும் ஹேண்டில்பாரிலிருந்து ஒரு அங்குலம் உயர்த்துங்கள். ஆளில்லாத இடத்தில் செய்யுங்கள். முன்னால் சரிந்து விழப்போகிறீர்கள் என்றால் எடை கைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. நான் முதல் தடவை செய்தபோது ஹேண்டில்பாரில் நெஞ்சு இடித்தது.

சீட் டியூப் கோணம் (சீட் போஸ்ட் நுழைகிற குழாயின் சாய்வு) பற்றி எனக்கு ஒரு மாறுபட்ட கருத்து உண்டு. புதிய ஃபிரேம்களில் அதை 75, 76 டிகிரி என்று செங்குத்தாக்கிக்கொண்டே போகிறார்கள். செங்குத்தான ஏற்றத்தில் இது அருமை, முன்சக்கரம் தூக்காது. ஆனால் என்னைப்போல் பாதி தூரம் சமதளத் தார் ரோட்டில் போகிறவனை அது முன்னால் தள்ளி எடையைக் கையில் ஏற்றிவிடும். கோத்தகிரியில் தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் குடியிருப்பவர் 76 வாங்கட்டும்; கோயமுத்தூர்க்காரனுக்கு 74 போதும் என்பது என் கணக்கு.

இப்போது எடைக்கு வருவோம், ஏனென்றால் ஆரம்பித்ததே அதில்தான். கடைசியில் நான் வாங்கிய ஃபிரேம் 1,850 கிராம். பழையதை விட 370 கிராம் கூட. வாங்குவதற்கு முந்தைய நாள் ராத்திரி தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். நானும் வண்டியும் சேர்ந்து 90 கிலோவுக்கு மேல். அதில் 370 கிராம் என்பது 0.4 சதவீதம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏற எனக்கு மூன்று மணி நேரம் ஆகும். வித்தியாசம் முக்கால் நிமிடம். வழியில் டீ குடிக்க இறங்கினால் ஹெல்மெட் கழற்றவே அதை விட அதிக நேரம் ஆகிறது. பாதி தண்ணீர் பாட்டில் குடித்து முடித்தால் அந்த எடை வயிற்றுக்குள் போய்விடுகிறது என்று நண்பரிடம் சொன்னேன், "எங்க போச்சு, உங்க கூடத்தானே வருது" என்றார்.

அதே எடை சக்கரத்தில் கூடினால் கொஞ்சம் அதிகமாகவே தெரியும், வளைவுக்கு வளைவு வேகம் குறைத்து மறுபடி எடுக்கிற தடங்களில் முக்கியமாக. அதனால் காசு மிச்சம் பிடித்துச் செலவழிக்க வேண்டுமென்றால் ஃபிரேமில் கிராம் குறைப்பதை விட நல்ல டயரிலும் ரிம்மிலும் போடுவது மேல்.

சரி, என்ன வாங்கினேன்? டைட்டானியம் இல்லை. கடன் கணக்கை வாய்க்கால் கரையிலேயே கிழித்துப் போட்டுவிட்டேன். ஒரு குரோமோலி ஸ்டீல் ஃபிரேமை இரண்டு வாரம் கடன் வாங்கி ஓட்டிப் பார்த்தேன், 2,500 கிராம், ஓட்டம் நன்றாகத்தான் இருந்தது, கல் சத்தம் கொஞ்சம் மழுங்கிக் கேட்டது போல் கூட இருந்தது. ஆனால் இதே டயரும் போஸ்ட்டும் மாட்டிய பிறகு கண்ணைக் கட்டிவிட்டு என்னை உட்கார வைத்தால் எது எது என்று சொல்வேனா என்பது சந்தேகம். ஸ்டீலின் உண்மையான பெருமை வேறு இடத்தில்: ஒரு அளவுக்குக் கீழான அழுத்தத்தை அது எத்தனை தடவை வேண்டுமானாலும் தாங்கும், அலுமினியத்துக்கு அந்தப் பாதுகாப்பு எல்லை கிடையாது, சின்னச் சின்ன அடியும் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். இருபது வருடம் வைத்திருக்க நினைப்பவர், மூட்டை கட்டிக்கொண்டு நீண்ட பயணம் போகிறவர், ஸ்டீல் வாங்கலாம். நான் மறுபடி அலுமினியமே வாங்கினேன், மீடியம், ரீச் 425, ஸ்டாக் 616, 27.2 போஸ்ட், 2.4 டயருக்குத் தாராளமான இடம்.

27.2-க்கு ஒரு விலை கொடுத்தேன், அதையும் சொல்ல வேண்டும். இறக்கத்தில் பொத்தானை அழுத்திச் சீட்டைக் கீழே இறக்குகிற டிராப்பர் போஸ்ட் பெரும்பாலும் 30.9, 31.6 அளவுகளில்தான் நன்றாகக் கிடைக்கிறது. அது வந்துவிட்டால் போஸ்ட் வளைந்து கொடுக்கிற சுகம் போய்விடும். இறக்கம்தான் உங்கள் சந்தோஷம் என்றால் யோசிக்காமல் டிராப்பர் பக்கம் போங்கள். எனக்கு இறக்கத்தில் பயம்தான் அதிகம், மெதுவாகவே வருவேன்.

முழு சஸ்பென்ஷன் ஏன் வாங்கவில்லை என்று கேட்பார்கள். கேள்வி நியாயம். 2012 லண்டன் ஒலிம்பிக் ஆண்கள் மவுண்டன் பைக் பந்தயத்தில் குல்ஹாவி தங்கம் வாங்கியது முழு சஸ்பென்ஷன் வண்டியில், ஒரு நொடி பிந்தி வந்த ஷூர்ட்டர் ஓட்டியது ஹார்ட்டெயில். அதற்குப் பிறகு பந்தய உலகமே அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. ஆனால் பின் சஸ்பென்ஷன் என்றால் கூடுதலாக ஒரு ஷாக், நாலைந்து மூட்டு, ஒவ்வொன்றிலும் பேரிங், நம் ஊர்ப் புழுதி, பிரித்து மாட்டத் தெரிந்த கை. எனக்குத் தெரிந்த கை ஒன்றே ஒன்று, அதுவும் ஊருக்கு அந்தக் கோடியில் இருக்கிறது.

மற்றவை சுருக்கமாக. பெடல் அச்சு பொருந்துகிற இடம் மறை போட்டதாக இருந்தால் வாங்குங்கள், அழுத்திப் பொருத்துகிற வகை கொஞ்ச நாளில் கிரீச்சிட ஆரம்பித்தால் பேய் பிடித்த வீடு மாதிரி, சத்தம் எங்கிருந்து வருகிறது என்றே கண்டுபிடிக்க முடியாது. பின் ஆக்சில் 12 மி.மீ. துரூ ஆக்சிலாக (சக்கரத்தின் ஊடே நுழைத்து முடுக்குகிற வகை), 148 அகலத்தில் இருக்கட்டும், நாளைக்குச் சக்கரம் மாற்ற எளிது. கியர் மாற்றுகிற டீரெய்லரைத் தாங்கும் ஹேங்கர் எல்லா இடத்திலும் கிடைக்கிற பொது வகையா என்று பாருங்கள். இல்லையென்றால் வாங்கும்போதே இரண்டு உதிரி வாங்கி வைத்துவிடுங்கள். முன்சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க் எத்தனை மி.மீ. டிராவலுக்கு (அமுங்குகிற தூரம்) ஃபிரேம் வரைந்தார்களோ அதையே போடுங்கள், 100-க்கு வரைந்ததில் 120 போட்டால் ஹெட் டியூப் கோணம் ஏறக்குறைய ஒரு டிகிரி சாயும், சீட் கோணமும் கூடவே சாயும், உத்தரவாதமும் போகலாம்.

பழைய ஃபிரேம் வாங்குகிறவர்கள் எடை பார்க்கும் முன் டார்ச் எடுங்கள். ஹெட் டியூபும், அதிலிருந்து பெடல் அச்சுக்கு இறங்கும் டவுன் டியூபும் சேரும் வெல்டிங்கின் கீழ்ப்பக்கம், சீட் போஸ்ட் நுழையும் இடத்தில் உள்ள பிளவு, பெடல் அச்சைச் சுற்றி, இந்த மூன்று இடத்திலும் பஞ்சால் துடைத்துப் பாருங்கள். முடி மாதிரி கீறல் இருந்தால் பஞ்சு மாட்டும். சீட் போஸ்ட் கழன்று வருகிறதா என்று கேட்டு எதிரிலேயே கழற்றச் சொல்லுங்கள். கிரீஸ் போடாமல் வருடக்கணக்கில் விட்டால் ஒட்டிக்கொண்டுவிடும், அப்புறம் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். மிக இலகுவான அலுமினிய ஃபிரேம், அதுவும் கனமான ஆள் பல வருடம் ஓட்டியது என்றால், நான் இப்போது தொடவே மாட்டேன்.

புது வண்டியில் மூன்று வருடம் ஆகிவிட்டது. கை மரப்பு இல்லை. 60 கிலோமீட்டர் தாண்டினால் இடுப்பு லேசாக நினைவுபடுத்தும், அது நாற்காலியில் எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும்தான் நினைவுபடுத்துகிறது.

அந்த 1,480 கிராம் ஃபிரேமைப் போன வருடம் ஒரு இளைஞர் வந்து பார்த்தார். 182 செ.மீ. உயரம், எடை 62 கிலோவாம். நான் டார்ச்சும் பஞ்சும் கையில் கொடுத்து, டயர் 2.25-க்கு மேல் போகாது, இடுப்பை அடிக்கும் என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தார். சீட் போஸ்ட் ஒன்றரைச் சாண் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, கை முழங்கையில் லேசாக மடிந்திருந்தது. "அடிக்கவே இல்லையேங்கண்ணா" என்றார். விலையில் ஐந்நூறு குறைத்துக்கொண்டு கொடுத்தேன்.